மகன் முழுநேர ஆமிக்குப் போகிறேன் என்கிறான்

அன்புள்ள ஆலோசகருக்கு,

நான் மட்டக்களப்பில், எழுவான்கரை ஊர் ஒன்றில் இருக்கிறேன். வயது 54. கணவர் தபால் கந்தோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இரண்டு பிள்ளைகள். மகள் என்னோடு இருக்கிறாள், இன்னும் கல்யாணம் ஆகவில்லை. மூத்தவன் கனடாவில். அவனைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

2018 இல் படிக்கப் போனவன், 2022 இல் நிரந்தர வதிவிடம் கிடைத்தது. ரொறன்ரோவுக்குப் பக்கத்தில் ஒரு வெயர்ஹவுசில் இரவு வேலை. 2023 இல் எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் அந்த நாட்டு ஆமியில் சேர்ந்துவிட்டான். பேஸ்புக்கில் யாரோ போட்ட படத்தை மகள் காட்டித்தான் எனக்கே தெரியும். சீருடையோடு நிற்கிறான். பெற்ற தாய்க்கு அதைப் பேஸ்புக்கா சொல்ல வேண்டும்?

கேட்டதற்கு, "ரிசர்வ்தான் அம்மா, பகுதிநேரம். கிழமையில ஒரு பின்னேரம், மாதத்தில ஒரு சனி ஞாயிறு, அவ்வளவுதான்" என்றான். சரி, பள்ளிக்கூடத்துக் கடேற் மாதிரி என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். ஊரில் யாருக்கும் சொல்லவில்லை. கேட்டால் வாகனம் திருத்தும் இடத்தில் பகுதிநேரம் வேலை என்பேன். அங்கே அவன் வாகனப் பிரிவில்தான் இருக்கிறான், அதனால் முழுப் பொய்யும் இல்லை.

இந்தத் தை மாதம் கோல் எடுத்து, முழுநேரத்துக்கு மாறப் போகிறேன், விண்ணப்பம் கொடுத்துவிட்டேன் என்கிறான். சிரித்துக்கொண்டு சொல்கிறான். அவன் அப்படிச் சிரித்துக் கதைத்து எத்தனையோ மாதம். அதுதான் எனக்கு இன்னும் வயிற்றெரிச்சல். நான் அழுகிறேன், அவன் சிரிக்கிறான்.

எங்கள் குடும்பத்துக்குச் சீருடை ஆகாது. 1990 இல் என் அண்ணாவை விசாரிக்க என்று கூட்டிக்கொண்டு போனார்கள். அப்போது அவருக்கு 22 வயது. திரும்பி வரவே இல்லை. அம்மா சாகும்வரை அவருடைய சாரத்தைத் தோய்த்துக் காயப்போட்டு மடித்து வைத்துக்கொண்டே இருந்தார். இதையெல்லாம் சொல்லிப் பிள்ளைகளை வளர்க்கவில்லை. படிக்கிற பிள்ளைகளின் தலையில் எதற்கு இதைப் போடுவான் என்று விட்டுவிட்டோம். ஆனால் ஒரு சீருடையைக் கண்டால் இன்றைக்கும் எனக்குக் கை கால் சோர்ந்துபோகும். அதையே என் பிள்ளை போட்டுக்கொண்டு நிற்கிறான்.

அவன் சொல்லும் காரணத்தைக் கேளுங்கள். சுனாமிக்குப் பிறகு அம்பாறைப் பக்கம் என் அக்கா வீட்டில் கொஞ்சக் காலம் இருந்தோம், அவனுக்கு எட்டு வயது. அப்போது கனடா ஆமி வந்து தண்ணீர் சுத்தம் பண்ணிக் கொடுத்ததாம், அது அவனுக்கு ஞாபகம் இருக்கிறதாம். எனக்கு அவனுடைய காய்ச்சல்தான் ஞாபகம்.

கல்யாணப் பேச்சும் நின்றுவிட்டது. திருக்கோவில் பக்கம் நல்ல இடம். ஆமி என்று எப்படியோ கேள்விப்பட்டு அவர்கள் சத்தமில்லாமல் ஒதுங்கிவிட்டார்கள். கணவரின் தம்பி ஸ்காபரோவில் குடும்பத்தோடு இருக்கிறார். முதலில் அவர்கள் வீட்டில்தான் இருந்தான். பிறகு யார் வீட்டிலோ கீழறை எடுத்துத் தனியாகப் போய்விட்டான். சித்தப்பாவிடமும் போவதில்லையாம்.

காசு விஷயத்திலும் முன்போல இல்லை. மகளுக்குச் சீதன வீடு கட்ட வங்கியில் எடுத்த கடனை அவன்தான் கட்டுகிறான். மார்கழியில் ஒரு மாதம் பிந்திவிட்டது. என்னவென்று கேட்க எடுத்தால், "அம்மா, இஞ்ச நான் எழும்பாட்டி நாலு நாளைக்கு ஒருத்தருக்கும் தெரியாது" என்று சம்பந்தமில்லாமல் எதையோ சொல்கிறான். "விசர்க்கதை கதைக்காத மனே, காசு போட்டியா?" என்று கேட்டேன். அடுத்த நாளே போட்டுவிட்டான், ஆனால் பிந்தியதற்கு இன்றுவரை காரணம் சொல்லவில்லை. இப்படிப் பொறுப்பில்லாதவன் ஆமியில் என்ன செய்யப் போகிறான்?

இப்போது மூன்று கிழமையாக நான் அவனோடு கதைக்கவில்லை. மகளையும் கதைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். முடிவை மாற்றினால்தான் இந்த வீட்டில் கோல் எடுப்பார்கள் என்று கடைசியாகச் சொன்னேன். கண்ணகை அம்மனுக்கு வைகாசிக் குளிர்த்திச் சடங்குக்கு நேர்த்தியும் வைத்திருக்கிறேன். அவனை எப்படித் தடுப்பது? தாய் தகப்பன் சம்மதம் இல்லை என்று அங்கே எழுதிப் போட முடியுமா? பேஸ்புக்கில் பார்த்து மகன் ஆமி என்று தெரிந்துகொண்ட தாயின் மனதை யோசித்துப் பதில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒரு தாய், மட்டக்களப்பு

*

அன்புள்ள அக்கா,

கடன் பிந்தியதைப் பற்றி எழுதிய இடத்தில் உங்கள் மகன் சொன்ன ஒரு வசனம் வருகிறது. நான் எழும்பாவிட்டால் நாலு நாளைக்கு ஒருவருக்கும் தெரியாது. கடிதத்தின் மற்றப் பகுதிகளை எல்லாம் வாசித்து முடித்த பிறகும் நான் அந்த இடத்துக்கே திரும்பி வந்தேன்.

சம்பந்தமில்லாமல் சொன்னான் என்று எழுதுகிறீர்கள். எனக்கு அது ஒன்றுதான் எல்லாவற்றோடும் சம்பந்தப்பட்டதாகத் தெரிகிறது. மார்கழி மாதத்தில் ரொறன்ரோவில் மாலை ஐந்து மணிக்கு முன்பே இருட்டிவிடும், காலை ஏழரைக்குப் பிறகுதான் விடியும். இரவு முழுக்க வேலை செய்துவிட்டு, விடியும் நேரத்தில் கீழறைக்குப் போய்ப் படுத்து, எழும்பும்போது மறுபடி இருட்டு. வெயிலைப் பார்க்காமலே கிழமைகள் போகும். வீட்டில் இன்னொரு ஆள் இல்லை. அந்த நேரத்தில் அம்மா கோல் எடுக்கிறார். அவன் தன் மனதில் இருந்த மிகப் பயமான ஒன்றைச் சொல்கிறான். நீங்கள் காசைக் கேட்டீர்கள். அவன் அடுத்த நாள் காசைப் போட்டான். அதற்குப் பிறகு அந்தக் கதையை எடுக்கவே இல்லை. பிந்தியதற்கு அவன் காரணம் சொல்லவில்லை என்கிறீர்கள். அக்கா, அவன் சொன்னான். நீங்கள் கேட்ட கேள்விக்கு அதுதான் பதில்.

உங்களைக் குற்றவாளி ஆக்க இதை எழுதவில்லை. அப்படிப்பட்ட வசனம் காதில் விழுந்தால் எந்தத் தாயும் அதைத் தள்ளிவிடத்தான் பார்ப்பார், ஏனென்றால் அது நிஜமாக இருந்துவிடுமோ என்று பயம். உங்களுக்கும் அந்தப் பயம் உள்ளே இருக்கிறது என்றே நினைக்கிறேன். இல்லாவிட்டால் மார்கழியில் சொன்னதைச் சொல்லுக்குச் சொல் ஞாபகம் வைத்து எனக்கு எழுதியிருக்க மாட்டீர்கள். ஆமியைப் பற்றிச் சண்டை பிடிப்பது அதைவிட இலகு. ஆமியோடு கோபிக்கலாம், அம்மனுக்கு நேர்த்தி வைக்கலாம். அந்த வசனத்தோடு என்ன செய்வது என்று உங்களுக்குத் தெரியவில்லை.

இப்போது அவனுடைய முடிவை இந்த இடத்தில் நின்று பாருங்கள். முகாமில் ஆள் எண்ணுவார்கள். ஒருவர் வரவில்லை என்றால் எங்கே என்று கேட்பார்கள், ஆள் அனுப்பித் தேடுவார்கள். கிழமையில் ஒரு பின்னேரமும் மாதத்தில் ஒரு சனி ஞாயிறும் தன்னை எண்ணும் ஓர் இடம் அவனுக்குக் கிடைத்தது. அதை முழுக் கிழமைக்கும் கேட்கிறான். இப்படித்தான் என்று அடித்துச் சொல்ல நான் அவனைப் பார்த்ததில்லை. ஆனால் பல மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் சிரித்துக் கதைத்தான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சிரிப்பு உங்கள் அழுகையைப் பார்த்து வந்தது என்று எடுத்துக்கொண்டீர்கள். நான் அப்படி வாசிக்கவில்லை.

இந்த மூன்று கிழமை மௌனம் பிழை. இதில் நான் உங்கள் பக்கம் நிற்க முடியாது. நாலு நாள் யாருக்கும் தெரியாது என்று பயந்த பிள்ளைக்கு நீங்கள் இருபத்தொரு நாள் கொடுத்திருக்கிறீர்கள். தங்கச்சியின் வாயையும் மூடிவிட்டீர்கள். அவன் சொன்னது சரிதான் என்று வீடே அவனுக்குக் காட்டிக்கொடுக்கிறது. இந்தக் கடிதத்தை வாசித்து முடித்ததும் மகளிடம் போனைக் கொடுத்து, அண்ணாவுக்கு எடு என்று சொல்லுங்கள். நாளைக்கு என்று வைக்க வேண்டாம்.

உங்கள் அண்ணாவின் கதையை நான் குறைத்து எடுக்கவில்லை. அந்தக் காலத்தில் அண்ணன்மாரைப் பறிகொடுத்த பெண்கள் இந்த மாவட்டத்தில் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அவர்களோடு பல வருடம் இருந்து கதைத்திருக்கிறேன். ஒரு பச்சைச் சட்டையைக் கண்டால் உடம்பு சோர்ந்துபோவது பலவீனம் இல்லை, 35 வருடமாக உடம்பு அதை மறக்கவில்லை. ஆனால் மகனுக்கு இந்தக் கதையைச் சொல்லவில்லை என்று எழுதுகிறீர்கள். அப்படியானால் தான் போட்ட உடுப்பில் அம்மா யாரைக் காண்கிறார் என்று அவனுக்கு எப்படித் தெரியும்? அவனுக்குத் தெரிந்த சீருடை வேறு. அவன் சொல்வது உண்மையான சம்பவம். சுனாமிக்குப் பிறகு, 2005 தை மாதம், கனடா ஆமியின் அனர்த்த உதவிப் பிரிவு ஏறத்தாழ 200 பேரோடு அம்பாறைக்கு வந்தது. கிட்டத்தட்ட 40 நாள் நின்று தண்ணீர் சுத்திகரித்தார்கள், ஏழாயிரத்துக்கு மேற்பட்டோருக்கு வைத்தியம் பார்த்தார்கள். எட்டு வயதில் அதைக் கண்ட பிள்ளைக்குச் சீருடை என்றால் தண்ணீர். 19 வயதில் அண்ணாவைப் பறிகொடுத்த உங்களுக்கு அது வேறு. இரண்டும் உண்மை. அவருடைய சாரத்தை அம்மம்மா தோய்த்து மடித்து வைத்த கதையை அவனுக்கு ஒரு நாள் சொல்லுங்கள். அவன் அதைக் கேட்க வேண்டிய பிள்ளைதான். ஆனால் முடிவை மாற்றுவதற்கு ஆயுதமாக அதை எடுக்க வேண்டாம், முதல் கோலிலும் வேண்டாம்.

நீங்கள் கேட்டதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். 28, 29 வயது ஆளுக்குத் தாய் தகப்பன் சம்மதம் தேவையில்லை, எழுதிப் போட்டு ஒன்றும் ஆகாது. விண்ணப்பம் கொடுத்ததும் நாளைக்கே போகிற விஷயமும் இல்லை. மருத்துவப் பரிசோதனை இருக்கிறது, அவனுடைய தொழிலில் இடம் காலியாக இருக்க வேண்டும், மாதங்கள் எடுக்கலாம். இரண்டுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் என்னவென்றால், பகுதிநேரத்தில் அவன் தன் ஊரில் இருந்துகொண்டு, விரும்பினால் விட்டுவிட்டு வரலாம். வெளிநாட்டுக் கடமைக்கும் பெரும்பாலும் தானாக விரும்பித்தான் போவார்கள். முழுநேரம் என்றால் சில வருட ஒப்பந்தம், அனுப்பும் ஊருக்குப் போக வேண்டும், வெளிநாட்டுக்குப் போ என்றால் போக வேண்டும். கனடா ஆமி இப்போது லாத்வியா நாட்டில் நிற்கிறது, அங்கேயும் அனுப்பலாம். அதோடு மாதச் சம்பளம், மருத்துவம், ஓய்வூதியம், சம்பளத்தோடு விடுமுறை எல்லாம் உண்டு. இரவு வேலையையும் கீழறையையும் விட அது மோசமான வாழ்க்கை என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் ஆமி தனிமைக்கு மருந்து என்றும் சொல்ல மாட்டேன். இந்த இடத்தில் உங்கள் கவலையில் நியாயம் இருக்கிறது. ரொறன்ரோவை விட்டு எங்கோ தூரத்து முகாமுக்கு மாற்றினால், இப்போது அவனை எண்ணும் அதே ஆட்களை விட்டுத்தான் போக வேண்டும். மனம் சோர்ந்திருக்கும்போது எடுக்கும் பெரிய முடிவைக் கொஞ்சம் ஆற வைத்துப் பார்ப்பது நல்லது. இதை அவனிடம் சொல்லக்கூடிய ஆள் நீங்கள்தான். ஆனால் அந்த உரிமை, அவன் சொன்னதை முதலில் கேட்ட பிறகுதான் உங்களுக்கு வரும்.

அதனால் இரவு வேலை முடித்து அவன் வரும் நேரத்துக்கு எடுங்கள். அங்கே காலை ஏழு மணி என்றால் இங்கே மாலை நாலரை, குளிர்காலத்தில் ஐந்தரை. காசு, கல்யாணம், ஆமி மூன்றையும் எடுக்க வேண்டாம். "மனே, மார்கழியில நீ ஒண்டு சொன்னாய், நான் காது குடுக்கல்ல. இப்ப சொல்லு" என்று கேளுங்கள். பிறகு பேசாமல் இருங்கள், அவன் அழுதாலும் இடையில் புத்தி சொல்ல வேண்டாம். செத்துவிடலாம் என்று நினைப்பு வந்ததா என்றும் நேராகக் கேளுங்கள். கேட்டால் அந்த எண்ணத்தைக் கிளப்பிவிடுவோம் என்று பலர் பயப்படுகிறார்கள், அப்படி ஆவதில்லை. வெறும் அலுப்பில் சொன்னேன் என்றால் நல்லது, அதோடு விடாமல் பிறகும் ஒரு நாள் கேளுங்கள். ஓம் என்றால் போனை வைக்காமல், மகளின் போனில் சித்தப்பாவுக்கு எடுத்து அன்றைக்கே அவனிடம் போகச் சொல்லுங்கள். கனடாவில் தற்கொலை எண்ணம் வருபவர்களுக்கான உதவி இலக்கம் 988, அதற்கு இரவு பகல் எந்த நேரமும் அழைக்கலாம், குறுஞ்செய்தியும் அனுப்பலாம். ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் கதைப்பார்கள். உங்களுக்கே தாங்க முடியாமல் போனால் இங்கே 1926 இருக்கிறது, தேசிய மனநல உதவி இலக்கம்.

அவன் என்ன சொன்னாலும் சித்தப்பா ஒரு தரம் போகட்டும். புத்தி சொல்ல இல்லை, ஒரு பார்சல் சோறோடு. கடனையும் கணவரோடு இருந்து கணக்குப் பாருங்கள், ஓய்வூதியத்தில் ஒரு பகுதியைக் கட்ட முடியுமென்றால் அவனிடம் சொல்லுங்கள். தங்கச்சியின் வீடு முழுக்கத் தன் தோளில் இருக்கிறது என்று நினைப்பவன் மனம் விட்டுக் கதைக்க மாட்டான். திருக்கோவில் சம்பந்தம் போனது போகட்டும். அவனைப் பிடித்து வைக்கும் கயிறாக ஒரு பெண்பிள்ளையைக் கொண்டுவருவது அந்தப் பிள்ளைக்கும் செய்கிற அநியாயம்.

நேர்த்தியை மாற்ற வேண்டாம். குளிர்த்திக்குப் போங்கள், அன்றைக்கு அவனுக்கு வீடியோ கோல் எடுத்து அம்மனைக் காட்டுங்கள். அதற்கு முன்பு, அவனோடு கதைத்த அன்றைக்கே, அவன் என்ன சொன்னான் என்று எனக்கு எழுதுங்கள். ஆமியைப் பற்றி மற்றதை அதற்குப் பிறகு கதைப்போம்.

அன்புடன்,
ஆலோசகர்