சுண்டு விரல் மட்டும் ஏன் மரத்துப்போவதில்லை?

கேள்வி: டாக்டர், எனக்கு வயது 46. இருபது வருடமாக ரவிக்கை தைக்கிறேன். நடு இரவில் வலது கை மரத்துப்போய் எழுப்பிவிடுகிறது. உதறினால்தான் சரியாகிறது. சுண்டு விரலில் மட்டும் ஒன்றும் இல்லை. இது வாதத்தின் ஆரம்பமா?
– ஒரு வாசகி, சங்கரன்கோவில்

பதில்: நீங்கள் சொல்வது வாதம் போலத் தெரியவில்லை அம்மா. அந்தச் சுண்டு விரலிலேயே பாதி பதில் இருக்கிறது. மணிக்கட்டின் உள்பக்கம் ஒரு குறுகலான பாதை. அடியில் எலும்பு, மேலே கெட்டியான பட்டை. விரல்களை மடக்கும் 9 தசைநாண்களும் மீடியன் நரம்பும் அதற்குள் நெருக்கியடித்துப் போகின்றன. நாண்களின் உறை வீங்கினால் பாதை விரிந்து கொடுக்காது, நரம்புதான் நசுங்கும். கட்டை விரலிலிருந்து மோதிர விரலில் பாதி வரை உணர்ச்சி தருவது அந்த நரம்பு. சுண்டு விரல் நரம்பு இந்தப் பாதைக்குள் வருவதே இல்லை.

தூக்கத்தில் நம்மை அறியாமல் மணிக்கட்டை மடக்கிக்கொள்கிறோம். உள்ளே அழுத்தம் ஏறுகிறது.

கத்தரிக்கோலை மட்டும் நான் குற்றம் சொல்ல மாட்டேன். பூ கட்டும் ஓர் அம்மா இதே தொல்லையோடு வந்தார். பரிசோதித்தால் தைராய்டு குறைவு. சர்க்கரை, கர்ப்பகால நீர்க்கோர்ப்பு இவற்றாலும் வரும். தைராய்டு, சர்க்கரை இரண்டு ரத்தப் பரிசோதனையும் செய்துவிடுங்கள்.

அதுவரை இரவில் மணிக்கட்டை நேராக வைக்கும் பட்டை கட்டிக்கொண்டு தூங்குங்கள். அப்புறம், இரு உள்ளங்கைகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வலது கட்டை விரலடிச் சதை வற்றியிருந்தால் உடனே நரம்பியல் மருத்துவரிடம் போங்கள்.