சர்வர் வேலைக்குப் புதியவர் டிஸ்க், வால்யூம் கமாண்டுகளில் எதையெல்லாம் முதலில் மனப்பாடம் செய்ய வேண்டும்?

கேள்வியில் இருந்த 'மனப்பாடம்' என்ற சொல்தான் என்னை எழுத வைத்தது. லினக்ஸ் சர்வர் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள், எந்தப் பத்து கமாண்டை முதலில் மனப்பாடம் செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். அநேகமாக உங்கள் அலுவலகத்தில் இந்த வேலைக்கு நீங்கள் ஒரே ஆள். பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர யாரும் இல்லை. முன்பு இருந்தவர் ஒரு நோட்டை விட்டுவிட்டுப் போயிருப்பார். எனக்கும் அப்படி ஒரு நோட்டு கிடைத்தது. அதில் இருந்ததை மனப்பாடமாக அடித்துத்தான் ஒரு ஸ்கேன் சென்டரின் பேக்கப் டிஸ்க்கை அழிக்கப் பார்த்தேன்.

(கமாண்டுகளை நாங்கள் வாயால் சொல்கிற மாதிரியே தமிழில் எழுதுகிறேன். டைப் செய்யும்போது மேனுவல் பக்கத்தைத் திறந்து சரிபார்த்துக்கொள்ளுங்கள்.)

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அந்தத் தேதியைச் சொன்னால் போதும். தாமிரபரணியில் வெள்ளம். திருநெல்வேலி வண்ணார்பேட்டைப் பக்கம் ஒரு ஸ்கேன் சென்டருக்கு நான்தான் சர்வர் பார்த்துக்கொண்டிருந்தேன். சர்வர் இருந்தது தரைத்தளத்தில், ரிசப்ஷனுக்குப் பின்னால் ஓர் அறையில். ஆற்றில் தண்ணீர் ஏறினால் குறுக்குத்துறை முருகன் கோயிலில் உற்சவரை மேலக்கோயிலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள், தெரியும்தானே. ஆற்றங்கரையில் இருந்துகொண்டு சர்வரைத் தரைத்தளத்தில் வைக்கக் கூடாது என்று அந்த இரவுக்கு முன்பே எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

இரவு வாட்ச்மேன் அண்ணாச்சி போன் செய்தார். "தம்பி, தண்ணி வாசப்படிக்கு வந்துட்டு. இந்தப் பெட்டிய என்ன செய்யணும்னு சொல்லுங்க." யுபிஎஸ்ஸில் இன்னும் கொஞ்சம் சார்ஜ் இருந்தது. என்னால் அங்கே போக முடியவில்லை. பவர் பட்டனை ஒரு தடவை மட்டும் அழுத்துங்க, விளக்கெல்லாம் அணையட்டும், அப்புறம் வயரைப் பிடுங்குங்க என்றேன். அறுபது வயதுக்கு மேலான மனிதர், அந்தப் பெட்டியைத் தனியாளாக மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனார். அவர் இல்லையென்றால் இந்தப் பதிலில் சொல்வதற்கே ஒன்றும் மிஞ்சியிருக்காது.

வியாழக்கிழமைதான் கரண்டு வந்தது. மாடியில் வைத்து சர்வரை ஆன் செய்தால், ஒன்றரை நிமிடம் சும்மா நின்றுவிட்டு, வழக்கம்போல எழாமல், பழுது பார்ப்பதற்கான எமர்ஜென்சி மோடுக்குப் போய்விட்டது. யுஎஸ்பி பேக்கப் டிஸ்க் அப்போது என் வீட்டில் இருந்தது. ஆனால் சர்வர் எழும்போது எந்த டிஸ்க்கை எங்கே இணைக்க வேண்டும் என்று சொல்லும் எஃப்எஸ்டேப் ஃபைலில் அதை எஸ்டிடி என்ற பெயரில், 'டிஸ்க் இல்லாவிட்டாலும் மேலே போ' என்று சொல்லும் நோஃபெயில் போடாமல் எழுதி வைத்திருந்தேன். இல்லாத டிஸ்க்குக்காக 90 நொடி காத்திருந்துவிட்டு, கிடைக்காததால் சர்வர் நின்றுபோனது. அந்த வரிக்கு முன்னால் ஒரு ஹேஷ் குறி போட்டு அதைச் செயலிழக்க வைத்தேன், சர்வர் எழுந்துவிட்டது. அதோடு அந்த விஷயத்தை மறந்தேன்.

அடுத்த நாள் டிஸ்க்கின் உடல்நிலையைச் சொல்லும் ஸ்மார்ட்சிடிஎல் ஓட்டிப் பார்த்தபோது வயிறு கலங்கியது. டேட்டா டிஸ்க்குகள் இரண்டு, ஒவ்வொன்றும் 1 டிபி, பல டிஸ்க்குகளை ஒரே சேமிப்பிடமாகச் சேர்க்கும் எல்விஎம்-இல் இரண்டும் ஒரே வால்யூம் குரூப். அதில் ஒன்றில் படிக்க முடியாமல் நிலுவையில் நிற்கும் செக்டர்களின் எண்ணிக்கை பூஜ்யமாக இல்லை, காலையில் பார்த்ததைவிட மாலையில் கூடியிருந்தது. ஸ்கேன் சென்டரை நடத்தும் டாக்டரம்மாவிடம் சொல்லி உடனே புது 2 டிபி டிஸ்க் வாங்கச் சொன்னேன். ஜங்ஷன் கடைகளில் தண்ணீர் புகுந்திருந்ததால் மதுரையிலிருந்து வந்தது. திட்டம் இதுதான்: பிவிகிரியேட் போட்டுப் புது டிஸ்க்கை எல்விஎம்முக்குத் தயார் செய்வது, விஜிஎக்ஸ்டெண்ட் போட்டு அதைக் குரூப்பில் சேர்ப்பது, பிவிமூவ் போட்டுக் கெட்டுக்கொண்டிருக்கும் டிஸ்க்கில் உள்ளதையெல்லாம் புதியதற்கு நகர்த்துவது, கடைசியில் விஜிரெட்யூஸ் போட்டுப் பழையதைக் கழற்றுவது. சரியான திட்டம்தான். இன்றைக்கும் அதைத்தான் செய்வேன்.

முந்தின நாள் மாலை யுஎஸ்பி டிஸ்க்கைச் செருகிப் புதிதாக ஒரு பேக்கப் எடுத்தேன். அப்போது அதன் பெயர் எஸ்டிடி, நானே என் கையால் மவுண்ட் செய்தேன், அதாவது சர்வரில் இணைத்தேன். முடிந்ததும் அன்மவுண்ட் செய்தேன், கேபிளைப் பிடுங்கவில்லை. மறுநாள் சர்வரை அணைத்துப் புது டிஸ்க்கை மாட்டி ஆன் செய்தேன். எஸ்டிஏ-இலிருந்து எஸ்டிஇ வரை ஐந்து டிஸ்க். பேக்கப் எஸ்டிடி, ஆகவே புதியது எஸ்டிஇ. நோட்டிலும் 'புது டிஸ்க் = கடைசி எழுத்து' என்றுதான் இருந்தது.

உண்மையில் நடந்தது வேறு. புதியதை மதர்போர்டில் மாட்டியிருந்ததால் லினக்ஸின் மையமான கெர்னல் அதை முதலில் கண்டுபிடித்து எஸ்டிடி என்று பெயர் வைத்துவிட்டது. யுஎஸ்பி பின்னால் வந்து எஸ்டிஇ ஆகிவிட்டது. இந்த எழுத்துகள் டிஸ்க்கின் பெயரே கிடையாது. பஸ்ஸில் ஏறின வரிசையில் கிடைக்கும் சீட்டு மாதிரி, அடுத்த தடவை ஏறும்போது வேறு சீட்டு.

பிவிகிரியேட் எஸ்டிஇ என்று அடித்தேன். 1080-ஆவது பைட்டில் ஈஎக்ஸ்டி4 என்ற ஃபைல்சிஸ்டத்தின் அடையாளம் இருக்கிறது, அழிக்கவா என்று கேட்டது. நோட்டில் 'கேட்டால் ஒய்' என்று எழுதியிருந்தது. ஒய் கொடுத்தேன். புத்தம் புது டிஸ்க்கில் ஈஎக்ஸ்டி4 எப்படி வந்தது என்று ஒரு நொடி யோசித்திருந்தால் அங்கேயே நின்றிருப்பேன். நான்கு நாளாகச் சரியான தூக்கம் இல்லை என்று காரணம் சொல்லலாம், ஆனால் நன்றாகத் தூங்கியிருந்தாலும் நோட்டில் இருந்ததைத்தான் அடித்திருப்பேன். அடுத்தது விஜிஎக்ஸ்டெண்ட். அதுவும் மறுபேச்சில்லாமல் முடிந்தது.

பிவிமூவ் அடிப்பதற்கு முன்னால் எதற்கோ பிவிஎஸ் என்று அடித்துப் பார்த்தேன். புதிதாகச் சேர்ந்த டிஸ்க்கின் அளவு 3.64 டி என்று காட்டியது. கடையில் 2 டிபி என்று விற்பது இங்கே 1.82 டி என்றுதான் வரும், ஏனென்றால் எல்விஎம் 1024-ஆல் வகுத்துக் கணக்கிடும். 3.64 என்றால் 4 டிபி. அங்கே இருந்த ஒரே 4 டிபி டிஸ்க் பேக்கப்தான்.

பிவிமூவ் அடித்திருந்தால், கெட்டுக்கொண்டிருக்கும் டிஸ்க்கில் இருப்பதை எடுத்து, இருந்த ஒரே பேக்கப்பின் மேலேயே எழுதியிருப்பேன். பாதியில் அந்த டிஸ்க் செத்திருந்தால் இரண்டுமே போயிருக்கும். ஆயிரக்கணக்கான நோயாளிகளின் படங்கள்.

டாக்டரம்மாவுக்குப் போன் செய்து நடந்ததை அப்படியே சொன்னேன். "படங்கள் இருக்கா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க தம்பி" என்றார். சர்வரில் இருக்கிறது மேடம், பேக்கப்பைத்தான் மீட்க வேண்டும் என்றேன்.

மீட்ட கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன், யாருக்காவது உதவும். விஜிரெட்யூஸ் போட்டு அந்த டிஸ்க்கைக் குரூப்பிலிருந்து விலக்கினேன், பிவிரிமூவ் போட்டு எல்விஎம் முத்திரையை எடுத்தேன். எல்விஎம் தன் விவரங்களை எழுதுவது வழக்கமாக டிஸ்க்கின் முதல் 1 எம்பி-க்குள். அவ்வளவு பெரிய ஈஎக்ஸ்டி4 டிஸ்க்கில் அந்த இடத்தில் இருப்பது ஃபைல்சிஸ்டத்தின் வரைபடம் மாதிரியான சூப்பர்பிளாக்கும் குரூப் அட்டவணையும்தான், ஃபைல் எதுவும் அங்கே கிடையாது. அவற்றின் நகல்களை ஈஎக்ஸ்டி4 வேறு இடங்களிலும் வைத்திருக்கும். 4கே பிளாக் என்றால் முதல் நகல் 32768-ஆவது பிளாக்கில். ரீட் ஒன்லியாக, எஸ்பி ஈக்வல்ஸ் 131072 என்ற ஆப்ஷனோடு மவுண்ட் செய்தேன். இந்த ஆப்ஷன் 1கே கணக்கில் எண்ணும், அதனால் 32768-ஐ நான்கால் பெருக்க வேண்டும். மவுண்ட் ஆனது. இருபது முப்பது படங்களின் செக்சம்மை (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாள எண்) சர்வரில் உள்ளவற்றோடு ஒப்பிட்டேன், எல்லாம் ஒன்றாகவே இருந்தன. அதற்குப் பிறகுதான் சரியான டிஸ்க்கில் பிவிமூவ் ஓடியது, மூன்று மணி நேரத்துக்கு மேல். ஃபைல்சிஸ்டத்தைச் சரிசெய்யும் ஈ2எஃப்எஸ்சிகே-வை உடனே ஓட்டவில்லை. இன்னொரு 4 டிபி வாங்கி முழு நகல் எடுத்த பிறகே ஓட்டினேன், ஏனென்றால் அது டிஸ்க்கில் எழுதும்.

இதைப் படித்துவிட்டு, ஒரே ஒரு பேக்கப் வைத்திருந்தாயா என்று சிலர் வருவார்கள். ஆமாம், ஒன்றுதான் இருந்தது, அது தவறு. ஒரே டேட்டாவைப் பல டிஸ்க்குகளில் காக்கும் ரெய்டு ஏன் இல்லை என்பார்கள். ரெய்டு இருந்திருந்தால் ஒரு டிஸ்க் கெடுவதைத் தாங்கியிருக்கும், நான் ஒய் கொடுத்ததை அது தடுத்திருக்காது. இப்போது எல்லாம் கிளவுட்தானே என்பார்கள். அங்கேயும் என்விஎம்இ டிஸ்க்குகளின் பெயர்கள் ரீபூட்டுக்குப் பிறகு வரிசை மாறலாம், வெப் பக்கத்தில் வால்யூமைப் பெரிதாக்கினாலும் உள்ளே பார்ட்டிஷனையும் ஃபைல்சிஸ்டத்தையும் நீங்கள்தான் வளர்க்க வேண்டும். எல்விஎம்முக்குப் பதிலாக இசட்எஃப்எஸ் என்ற ஃபைல்சிஸ்டம்தான் வேண்டும் என்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை.

இதற்குச் சம்பந்தமில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகியும் மனசு ஆறவில்லை. அப்போது இரவு நேரத்தில் சென்னைக் கம்பெனி ஒன்றுக்கும் வீட்டிலிருந்தே வேலை செய்துகொண்டிருந்தேன். டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயலில் சென்னை மூழ்கியபோது அங்கே இருந்த எல்லோருக்கும் சிறப்பு விடுப்பு கொடுத்தார்கள். கொடுக்க வேண்டியதுதான். இரண்டு வாரம் கழித்து எங்களுக்கு வந்தது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. மழை. ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் நின்றுபோய் நூற்றுக்கணக்கான பேர் உள்ளேயே மாட்டிக்கொண்டார்கள். எங்கள் தெருவில் கரண்டும் இல்லை, டவரும் இல்லை. எனக்கு நான்கு நாள் சம்பளம் பிடித்தார்கள். 'முன்கூட்டியே தகவல் தரவில்லை' என்று காரணம் எழுதியிருந்தது. அந்த மெயிலை இன்னும் வைத்திருக்கிறேன்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். எழுதுகிற கமாண்டுகளை மனப்பாடம் செய்யாதீர்கள், தேவைப்படும்போது பார்த்து அடித்துக்கொள்ளலாம். பார்க்கிற கமாண்டுகள்தான் கையில் தானாக வர வேண்டும். டிஸ்க்குகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே-வுக்கு மைனஸ் ஓ கொடுத்து அளவு, மாடல், சீரியல் நம்பர், ஃபைல்சிஸ்டம், மவுண்ட் பாயின்ட் எல்லாவற்றையும் ஒரே வரியில் பாருங்கள். பிவிஎஸ், விஜிஎஸ், எல்விஎஸ் மூன்றும் ஒன்றையும் மாற்றாது, சும்மா காட்டும். வைப்எஃப்எஸ் என்ற பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், ஆப்ஷன் எதுவும் இல்லாமல் அடித்தால் டிஸ்க்கில் என்ன அடையாளம் இருக்கிறது என்று மட்டும் சொல்லும். காலி இடத்தைச் சொல்லும் டிஎஃப் இடம் இருக்கிறது என்று காட்டியும் ஃபைல் எழுத முடியவில்லையா, டிஎஃப் மைனஸ் ஐ போட்டு ஐநோடு (ஒவ்வொரு ஃபைலுக்கும் தேவைப்படும் பதிவு) தீர்ந்துவிட்டதா என்று பாருங்கள். எழுதும் கமாண்டில் எஸ்டி எழுத்துகளுக்குப் பதிலாக, டெவ் டிஸ்க் பை-ஐடி ஃபோல்டரில் சீரியல் நம்பரோடு இருக்கும் நீளப் பெயரைக் கொடுங்கள். நீளமாக இருப்பதே நல்லது, அடிக்கும்போது கண் அதில் நிற்கும். எக்ஸ்எஃப்எஸ் என்ற ஃபைல்சிஸ்டம் உள்ள வால்யூமைப் பெரிதாக்கும் முன்னால் இரண்டு தடவை யோசியுங்கள், திரும்பச் சுருக்க முடியும் என்று நம்பி இறங்காதீர்கள்.

இன்று மாலை வேலை முடிந்ததும் உங்கள் சர்வரின் எஃப்எஸ்டேப் ஃபைலைத் திறந்து பாருங்கள். எஸ்டி எழுத்துகளில் தொடங்கும் வரி ஏதாவது இருந்தால் பிஎல்கேஐடி ஓட்டி அதன் ஃபைல்சிஸ்டத்துக்கே உரிய அடையாள எண்ணான யூயூஐடி-யை எடுத்து மாற்றுங்கள், கழற்றி மாட்டுகிற டிஸ்க் என்றால் நோஃபெயிலும் சேருங்கள். மாற்றியதும் ஃபைண்ட்எம்என்டி கமாண்டுக்கு வெரிஃபை ஆப்ஷன் கொடுத்துச் சரிபார்த்த பிறகு ரீபூட் செய்யுங்கள். எங்கேயாவது சிக்கினால் எல்எஸ்பிஎல்கே காட்டியதை அப்படியே கீழே போடுங்கள், சீரியல் நம்பரின் பாதியை மட்டும் மறைத்துவிடுங்கள். இரவு பத்து மணிக்கு மேல் பார்த்துச் சொல்கிறேன்.