பிரிண்டர் டிரைவர் கெர்னலுக்குள் இருக்க வேண்டுமா? வெளியே வைத்தால் வேகம் குறையாதா?

வேண்டவே வேண்டாம். கெர்னல் என்பது ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் முழு அதிகாரமுள்ள மையப் பகுதி, டிரைவர் என்பது பிரிண்டரோடு பேசும் மென்பொருள். வேகத்தைப் பற்றிக் கேட்டிருப்பதைப் பார்த்தால் ஆப்பரேட்டிங் சிஸ்டம் பாடம் படிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். ஒரு தாள் உள்ளே போய் வெளியே வரவே சில நொடிகள் ஆகும். அதில் மைக்ரோ நொடியை மிச்சம் பிடித்து என்ன செய்யப் போகிறோம்?

1998இல் ஒரு டி.டி.பி. சென்டரில் வேலை பார்த்தேன். வைகாசி முகூர்த்த சீசன். விண்டோஸ் என்.டி. 4.0 போட்ட ஒரே மெஷின்தான் எங்களுக்கு ஃபைல் சர்வர், பிரிண்ட் சர்வர் எல்லாம். புது லேசர் பிரிண்டரோடு வந்த ஃபிளாப்பியிலிருந்து டிரைவரைப் போட்டு, சர்வரிலேயே உட்கார்ந்து ஒரு கல்யாணப் பத்திரிகையை பிரிண்ட் கொடுத்தேன். மேலே பிள்ளையார், சுற்றிலும் மாவிலை பார்டர். திரை நீலமாகி, வெள்ளை எழுத்தில் டிரைவர் பெயர்கள் வரிசையாக நின்றன. பக்கத்தில் மூன்று பேர் செய்துகொண்டிருந்த வேலையும் போயிற்று. ஒருவருடைய பேஜ்மேக்கர் ஃபைல் அதற்கப்புறம் திறக்கவே இல்லை. மூன்றாம் முறை விழுந்த பிறகுதான் பிடிபட்டது: பார்டரை எடுத்துவிட்டால் ஒழுங்காக வந்தது. முதலாளி நம்பவில்லை. "தம்பி, நீதானே கடைசியா கை வச்சே?" என்றார். அந்த மாதம் சம்பளத்தில் பிடித்தார்.

காரணம் ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. என்.டி. 3.51 வரை படம் வரையும் பகுதி கெர்னலுக்கு வெளியே இருந்தது. 1996இல் 4.0 வந்தபோது வேகத்துக்காக அதை உள்ளே கொண்டுபோனார்கள். கூடவே பிரிண்டர் டிரைவரும் உள்ளே போனது. உள்ளே இருப்பது தப்பான நினைவகத்தைத் தொட்டால் அதை மட்டும் நிறுத்த வழியில்லை, மெஷினே நிற்கும். விண்டோஸ் 2000இல் டிரைவர் வெளியே இருக்க மறுபடி வழி விட்டார்கள். விண்டோஸ் விஸ்டாவில் உள்ளே விடுவதையே நிறுத்திவிட்டார்கள். லினக்ஸில் கெர்னல் பைட்டுகளை யூஎஸ்பி வழியே தள்ளுவதோடு சரி, பக்கத்தைத் தயாரிப்பதெல்லாம் வெளியே கப்ஸ் என்ற பிரிண்டிங் மென்பொருளின் வேலை. அந்தத் தள்ளும் துண்டு கெர்னலில் இருக்கட்டும், அதை நான் மறுக்கவில்லை.

"வெளியே வந்தும் 2021இல் விண்டோஸில் பிரிண்ட்நைட்மேர் என்ற பாதுகாப்பு ஓட்டை வந்ததே" என்று யாராவது கேட்பீர்கள். வந்தது. ஏனென்றால் பிரிண்ட் வேலைகளை வரிசையில் வைத்து அனுப்பும் ஸ்பூலர் வெளியே இருந்தாலும் சிஸ்டம் கணக்கின் முழு அதிகாரத்தோடு ஓடியது. ஆளைத் திண்ணையில் உட்காரவைத்துக் கொத்துச்சாவியையும் கையில் கொடுத்த மாதிரி. சாவியை வாங்க வேண்டும் என்பதற்குத்தான் அது ஆதாரம், திரும்ப வீட்டுக்குள் விடுவதற்கு இல்லை.

டிரைவர் என்றாலே எனக்கு இன்னொரு கோபமும் உண்டு. பின்னாளில் நானே காசு சேர்த்து ஒரு லேசர் பிரிண்டர் வாங்கினேன். டிரைவர் இல்லாமல் ஒரு எழுத்துகூட அடிக்காத ரகம். 64 பிட் விண்டோஸுக்கு மாறியதும் அந்த மாடலுக்கு டிரைவர் தர மாட்டோம் என்று கம்பெனி கைவிரித்துவிட்டது. டிரம் நன்றாக இருக்கிறது, பாதி டோனர் அப்படியே இருக்கிறது. பரணில் துணி போட்டு மூடி வைத்திருக்கிறேன், எடைக்குப் போட மனசு வரவில்லை.