குளித்துவிட்டு வருவதற்குள் 2 ஜிபி காலி!

கேள்வி: அண்ணா, எங்கள் வீட்டில் பிராட்பேண்ட் கிடையாது, அப்பா போனில் ஹாட்ஸ்பாட் போட்டுத்தான் கணினியை ஓட்டுகிறேன், நாளுக்கு 2 ஜிபி பேக். நேற்று ஸ்டீமை (கணினி கேம்களை வாங்கி, இறக்கி விளையாடும் செயலி) திறந்து வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன், வந்து பார்த்தால் மொத்த டேட்டாவும் தீர்ந்துவிட்டது. ஏதோ ஒரு கேம் தானாகவே அப்டேட் ஆகியிருக்கிறது, அதை நான் தொட்டே மூன்று மாதம் ஆகிறது! வீட்டில் செம திட்டு. என்ன செய்வது? (வாசகர், சின்னமனூர்)

பதில்: திட்டு வாங்கியது நீங்கள், தின்றது நீங்கள் விளையாடாத கேம். பெரும்பாலும் கதை இதுதான். டேட்டா தீர்ந்தபின் பல பேக்குகளில் வேகம் 64 கேபிபிஎஸ்தான், அதில் 1 ஜிபி இறக்க கிட்டத்தட்ட 35 மணி நேரம் ஆகும், அப்பாவின் கோபத்தில் நியாயம் இருக்கிறது.

ஸ்டீமில் செட்டிங்ஸ், அதற்குள் டவுன்லோட்ஸ் போங்கள். 'ஷெட்யூல் ஆட்டோ அப்டேட்ஸ்' என்று ஒன்று இருக்கும், அதை இரவு 11 முதல் 12 என்று வைத்துவிடுங்கள். ஏன் அந்த நேரம் என்றால், அன்றைக்கு மிச்சமான டேட்டா எப்படியும் நள்ளிரவில் வீணாகத்தான் போகும், அதை அப்டேட் தின்றால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்து 11.55க்கு 'பாஸ்' பட்டனை அழுத்தி டவுன்லோடை நிறுத்திவிடுங்கள், தூங்கிவிட்டால் மறுநாள் டேட்டாவிலும் கை வைத்துவிடும். பாதியில் நிறுத்தினால் இறங்கியது போய்விடாது, மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

அப்புறம், எப்போதாவது திறக்கும் கேம்களுக்கு லைப்ரரியில் ரைட் கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸில் அப்டேட்ஸ் போய், திறக்கும்போது மட்டும் அப்டேட் செய் என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொன்றாகச் செய்யச் சலிப்பாகத்தான் இருக்கும், ஒருநாள் வேலை. கவுன்டர் ஸ்ட்ரைக் 2 மாதிரி ஆன்லைன் கேமுக்கு இது உதவாது, புது பதிப்பு இல்லாமல் சர்வர் உள்ளே விடாது. டவுன்லோட் வேகத்துக்கு வரம்பு போட்டால் டேட்டா மிச்சமாகும் என்று பலர் நினைக்கிறார்கள், ஆகாது, மெதுவாகத் தீரும், அவ்வளவுதான்.

விண்டோஸையும் மறந்துவிடாதீர்கள், உங்கள் ஹாட்ஸ்பாட் அதற்குச் சாதாரண வைஃபைதான். அந்த வைஃபையின் பிராப்பர்ட்டீஸில் 'மீட்டர்டு கனெக்‌ஷன்' (அளவு வைத்த டேட்டா இணைப்பு என்று அர்த்தம்) என்பதை ஆன் செய்தால், பெரும்பாலான விண்டோஸ் அப்டேட்டுகள் காத்திருக்கும்.

கேள்வி: அப்டேட் 300 எம்பிதான் என்று காட்டுகிறது, ஆனால் முக்கால் மணி நேரம் ஓடுகிறது, இடம் போதாது என்று வேறு சொல்கிறது. பொய் சொல்கிறதா? (வாசகி, காரைக்குடி)

பதில்: பொய் இல்லை. ஸ்டீம் கேம் ஃபைல்களைச் சுமார் 1 எம்பி துண்டுகளாக வைத்துக்கொண்டு, மாறிய துண்டுகளை மட்டும் இறக்கும். ஆனால் சில கேம்கள் எல்லாவற்றையும் 20, 30 ஜிபி ஃபைல் ஒன்றில் மூட்டை கட்டி வைத்திருக்கும், அதில் சின்ன மாற்றம் என்றாலும் மூட்டை முழுவதையும் டிஸ்க்கில் புதிதாக எழுதவேண்டும். நேரமும் இடமும் அங்கேதான் போகிறது, நெட் அல்ல. பழைய ஹார்ட் டிஸ்க் என்றால் இன்னும் இழுக்கும், வேகமான எஸ்எஸ்டி டிஸ்க்குக்கு மாற்றினால் நிம்மதி.

கேள்வி: தம்பி லேப்டாப்பில் இருக்கும் அதே 60 ஜிபி கேமை நானும் இறக்கவேண்டுமா? (வாசகர், ஓசூர்)

பதில்: வேண்டாம். 2023 முதல் ஸ்டீமிலேயே லோக்கல் நெட்வொர்க் வழியாக ஃபைலை மாற்றும் வசதி இருக்கிறது. இரண்டும் ஒரே ரவுட்டரில் இருக்கவேண்டும், இரண்டிலும் ஸ்டீம் திறந்திருக்கவேண்டும், தம்பிக்குத் தனிக் கணக்கு என்றால் டவுன்லோட்ஸ் செட்டிங்ஸில் நண்பர்களுக்கும் அனுமதி கொடுக்கச் சொல்லுங்கள். முடிந்தால் லேன் கேபிள் போடுங்கள். அதற்கு முன் அவர் தன் கேமை அப்டேட் செய்து வைத்திருக்கிறாரா என்று பார்த்துக்கொள்ளுங்கள், பழசாக இருந்தால் மிச்சம் உங்கள் டேட்டாவிலிருந்துதான் வரும்.