ஆறு வாரத்தில் ஆறு ஓட்டல்

கேள்வி: கணவரின் வேலை மாற்றத்தால் புது நகரத்துக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது. நான், கணவர், ஏழு வயது மகள், எழுபதைக் கடந்த மாமியார் என்று நான்கு பேர். வாரத்தில் ஆறு நாளும் நான்தான் சமையல் என்பதால், ஞாயிறு இரவு மட்டும் வெளியே சாப்பிடுவது என்று முடிவு செய்தோம். பெரிய செலவு தாங்காது. வீட்டைச் சுற்றியுள்ள சாதாரண ஓட்டல்கள்தான். ஒவ்வொரு வாரமும் போனில் ஸ்டார் பார்த்து ஒரு புதுக் கடைக்குப் போகிறோம். இதுவரை ஆறு கடை ஆகிவிட்டது. ஒன்றில் காரம் தாங்கவில்லை. ஒன்றில் முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். ஒன்றில் இரைச்சல் பொறுக்காமல் மாமியார் பாதியில் எழுந்துவிட்டார். போன வாரம் சாப்பிட்டு வந்த இரவே மகளுக்கு வாந்தி. போதாக்குறைக்கு, இரண்டு முறை எதிர்வீட்டுக் குடும்பத்தோடு போனபோது பில்லைச் சரிபாதியாகப் பிரித்தார்கள். நாங்கள் சாப்பிட்டதோ கொஞ்சம். ‘இதற்குப் பேசாமல் மாதம் ஒரு முறை பெரிய ஓட்டலுக்குப் போய்விடலாம்’ என்கிறார் கணவர். நல்ல கடையைக் கண்டுபிடிப்பது எப்படி?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டு முறையும் ‘ஒவ்வொரு வாரமும் ஒரு புதுக் கடை’ என்ற இடத்தில்தான் கண் நின்றது. சிக்கல் அங்கே தொடங்குகிறது என்று நினைக்கிறேன்.

சின்ன ஓட்டலில் எல்லாப் பண்டமும் நன்றாக வராது. சமையல்காரர் ஒருவரோ இருவரோதான் இருப்பார்கள். அவர்கள் கைக்குப் பழகிய மூன்று நான்கு பண்டங்கள் பிரமாதமாக இருக்கும். மீதியெல்லாம் வருகிறவர் கேட்டால் இல்லை என்று சொல்லக் கூடாதே என்பதற்காக மெனுவில் இருப்பவை. அந்த மூன்று நான்கு எவை என்பது முதல் தடவை போகிறவருக்கு எப்படித் தெரியும்? ஆறு வாரம் ஆறு கடைக்குப் போனதால், ஆறு முறையும் நீங்கள் முதல் தடவை போகிறவராகவே இருந்திருக்கிறீர்கள். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது பானைக்குச் சரி. ஓட்டலில் பானைகள் பல.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். முன்பு குடியிருந்த தெருமுனையில் ஒரு சின்னக் கடை இருந்தது. முதல் நாள் அங்கே சாப்பிட்டது ஆறிப்போய், உப்பும் தூக்கலாக இருந்தது. இரண்டு வருடம் அந்தப் பக்கமே திரும்பவில்லை. ஒரு மழை நாளில் வேறு வழியில்லாமல் உள்ளே ஒதுங்கியபோது, மெனுவைத் தொடாமல், பக்கத்து டேபிள்காரர் சாப்பிட்டுக்கொண்டிருந்ததைக் காட்டி ‘அதுவே கொடுங்கள்’ என்றேன். அப்புறம் வீடு மாறும்வரை வாரம் இரண்டு நாள் அங்கேதான். வீணாய்ப் போன அந்த இரண்டு வருடத்தை நினைத்தால் இன்றும் கொஞ்சம் எரிச்சலாக இருக்கிறது.

ஆகவே ஏழாவது கடையைத் தேட வேண்டாம். போன ஆறிலிருந்தே இரண்டைப் பொறுக்குவோம். உங்கள் புகார்களிலேயே அதற்கான தகவல் இருக்கிறது.

முக்கால் மணி நேரம் காத்திருந்த கடையை உடனே தள்ளாதீர்கள். ஞாயிறு இரவு என்பது பெரும்பாலான சாப்பாட்டுக் கடைகளுக்கு நெரிசல் நேரம். எட்டரைக்குப் போனால் எந்தச் சின்ன அடுப்பும் திணறத்தான் செய்யும். பந்திக்கு முந்து என்று சும்மாவா சொன்னார்கள்? இரவுக் கடை திறந்து அரை மணிக்குள் போய்ப் பாருங்கள். பாத்திரங்கள் புதிதாக இறங்கியிருக்கும், சமையல்காரர் களைத்திருக்க மாட்டார், சர்வருக்கு உங்களோடு இரண்டு வார்த்தை பேச நேரமிருக்கும். ஏழு வயதுக் குழந்தைக்கும் எழுபது வயதுக்காரருக்கும் அது பொருத்தமான நேரமும்கூட. அந்த நேரத்திலும் தாமதமானால் அந்தக் கடையை விட்டுவிடலாம்.

காரமான கடையில் நீங்கள் சர்வரிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா என்று கடிதத்தில் இல்லை. ‘இதில் காரம் குறைத்துத் தர முடியுமா?’ என்று கேட்டால் வரும் பதில் இரண்டு விதத்தில் உதவும். ‘தரலாம்’ என்றால் கேட்ட பிறகுதான் சமைக்கிறார்கள் என்று பெரும்பாலும் நம்பலாம். ‘முடியாது, எல்லாம் மொத்தமாகச் செய்து வைத்தது’ என்றால் அதுவும் நேர்மையான தகவல். அப்போது எப்போது செய்தது என்று அடுத்த கேள்வியைக் கேட்டுக்கொள்ளலாம். கேட்கக் கூச்சப்பட வேண்டாம். ரெஸ்டாரண்ட் என்ற பிரெஞ்சுச் சொல்லே முதலில் உடம்பைத் தேற்றும் ஒரு வகைச் சூப்பைத்தான் குறித்தது. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பாரிஸில் அந்தச் சூப் விற்ற கடைகளுக்கு அதுவே பெயரானது. அதற்கு முன்பு சத்திரத்தில் குறித்த நேரத்துக்குப் போய், பொது மேசையில் உட்கார்ந்து, வைத்ததைச் சாப்பிட்டு எழ வேண்டும். வேண்டிய நேரத்தில், தனி மேசையில், தன் உடம்புக்கு ஒத்ததைக் கேட்டு வாங்கிச் சாப்பிடலாம் என்பதுதான் இந்தப் புதுக் கடைகள் கொண்டுவந்த மாற்றம். உங்கள் மாமியாருக்காக நீங்கள் கேட்பது சலுகை இல்லை.

இரைச்சல் கடையை மட்டும் தயங்காமல் கழித்துவிடுங்கள். அது கடைக்காரர் நினைத்தாலும் ஒரு நாளில் சரியாகிற விஷயம் இல்லை. டைல்ஸ் தரை, கண்ணாடிச் சுவர், திரையோ துணியோ இல்லாத கூடம் என்றால் எழும் சத்தமெல்லாம் சுவரில் பட்டுத் திரும்ப வரும். சத்தத்துக்கு நடுவே பேசுகிறவர் தன்னை அறியாமல் குரலை உயர்த்துவார் என்பதை லம்பார்ட் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1911இல் விளக்கினார். ஒரு டேபிள் குரலை உயர்த்தினால் பக்கத்து டேபிளும் உயர்த்தும். கொஞ்ச நேரத்தில் கூடமே கத்தும். வயதானவர்களுக்குக் காது ஓரளவு கேட்டாலும், பல குரல்களுக்கு நடுவிலிருந்து ஒரு குரலைப் பிரித்துக் கேட்பதுதான் முதலில் கடினமாகும். நாம் மூவரும் சிரித்துப் பேசிக்கொண்டிருப்போம், அவர் ஒன்றும் புரியாமல் தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். எந்தக் கடைக்குப் போனாலும் அவருக்குச் சுவரை ஒட்டிய மூலை இடத்தைப் பிடித்துக் கொடுங்கள். அடுக்களை வாசலுக்கும் ஸ்பீக்கருக்கும் தள்ளி இருக்கட்டும்.

இனி மகளின் வாந்தி. அந்தக் கடைதான் காரணம் என்று நீங்கள் முடிவே செய்துவிட்டீர்கள். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். கடைசியாகச் சாப்பிட்ட இடத்தின்மேல் பழி போடுவது நம் எல்லோருக்கும் வழக்கம். ஆனால் நோரோ வைரஸ் தொற்றினால் வாந்தி தொடங்கப் பொதுவாக 12 முதல் 48 மணி நேரம் ஆகும்; அது பள்ளியில் இன்னொரு குழந்தையிடமிருந்துகூட ஒட்டியிருக்கலாம். சால்மொனெல்லா கிருமிக்கு 6 மணி நேரத்திலிருந்து 6 நாள் வரை பிடிக்கும். சாப்பிட்ட சில மணி நேரத்திலேயே வாந்தி வருவது, கிருமி ஏற்கெனவே உணவில் நஞ்சை உண்டாக்கிவிட்டிருந்தால் நடப்பது. இதற்குப் பேர்போனது வெந்த பின் வெளியிலேயே கிடந்த சோறு. பேசில்லஸ் செரியஸ் என்ற கிருமியின் வித்துகள் கொதித்தாலும் சாகாது. சோறு வெதுவெதுப்பாகக் கிடக்கும்போது அவை முளைத்துப் பெருகி நஞ்சைக் கக்கும். வாந்தி வரவைக்கும் அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. அதனால் ஆவி பறக்க வந்தது என்பதை மட்டும் வைத்து நம்பிவிட முடியாது.

5 டிகிரி செல்சியஸுக்கும் 60க்கும் இடைப்பட்ட சூடுதான் கிருமிகளுக்குக் கொண்டாட்டம். சமைத்த உணவை இரண்டு மணி நேரத்துக்கு மேல் அப்படியே வெளியில் வைக்காதீர்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. இது நமக்கும் பொருந்தும். மீந்ததைப் பார்சல் கட்டி வாங்கி, கடைவீதியெல்லாம் சுற்றி, நடுராத்திரி ஃப்ரிட்ஜில் வைத்து, மறுநாள் மத்தியானம் வயிறு கெட்டால் கடைக்காரர் என்ன செய்வார்?

அந்தக் கடையைக் கொஞ்ச காலம் தள்ளி வையுங்கள், தப்பில்லை. அடுத்த முறை மகளுக்கு வாந்தி நிற்காமல், தண்ணீரும் தங்காமல், சிறுநீர் குறைந்து சோர்ந்துபோனால், எந்தக் கடை என்று ஆராய்ந்துகொண்டிருக்காமல் மருத்துவரிடம் போய்விடுங்கள்.

எந்தக் கடைக்குள் போனாலும் நான் முதலில் பார்ப்பது டேபிள் துடைக்கும் துணியை. அது காய்ந்து, மணமில்லாமல் இருந்தால் பாதி நிம்மதி. ஈரமும் பிசுக்குமாக ஒரே துணி டேபிளையும் துடைத்து, கரண்டியையும் துடைத்து, சர்வரின் தோளுக்கும் போகிறது என்றால் வாசல் அலங்காரம் எப்படி இருந்தாலும் எழுந்துவிடுவேன். அடுத்தது, கல்லாவில் காசு வாங்கின கை கழுவாமல் உணவைத் தொடுகிறதா என்று. கை கழுவும் இடத்தில் சோப்பு இருக்கிறதா என்று ஒரு பார்வை. மெனுவையும் புரட்டிப் பாருங்கள். எட்டு டேபிள் உள்ள கடையில் இருநூறு பண்டம் எழுதியிருந்தால், அத்தனைக்கும் தேவையான பொருள்கள் எத்தனை நாளாக எங்கே உறங்குகின்றன என்ற கேள்வி வரவேண்டும். ஒரே பக்க மெனுவும் இடைவிடாமல் காலியாகி நிரம்பும் டேபிள்களும் இருந்தால், காலையில் வாங்கியது இரவுக்குள் தீர்ந்துவிட வாய்ப்பு அதிகம்.

போனில் ஸ்டார் பார்ப்பதை அடியோடு விட வேண்டாம், ஆனால் சராசரியைப் பார்க்காதீர்கள். ஐந்து ஸ்டார் கொடுத்தவர்களில் கடைக்காரரின் மைத்துனரும் இருக்கலாம். ஒரு ஸ்டார் கொடுத்தவர் அன்று வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்திருக்கலாம். மூன்று ஸ்டார் கொடுத்தவர்கள்தான் பெரும்பாலும் எது நன்றாக இருந்தது, எது இல்லை என்று பிரித்து எழுதுவார்கள். கடைசி இரண்டு மூன்று மாதத்தில் எழுதியதை மட்டும் படியுங்கள், ஏனென்றால் சமையல்காரர் மாறினால் சின்னக் கடையின் ருசியும் அவரோடு போய்விடும். எனக்கு இதையெல்லாம்விட நம்பிக்கையான வழி ஒன்று உண்டு. பகலில் பக்கத்தில் வேலை பார்க்கிறவர்கள் தினமும் எங்கே சாப்பிடுகிறார்கள் என்று விசாரிப்பது. தினமும் சாப்பிடுகிறவருக்குக் காசும் வயிறும் இரண்டுமே கணக்கு. அவர்கள் காட்டும் கடை பெரும்பாலும் முக்கிய சாலையில் இருக்காது. முக்கிய சாலைக் கடை என்றால் கட்டடத்தின் வாடகையையும் சேர்த்துத்தானே பில் வரும்!

எதிர்வீட்டுக்காரர்கள்மேல் கோபப்படாதீர்கள். பில்லைச் சமமாகப் பிரிப்போம் என்று தெரிந்தாலே மனிதர்கள் கூடுதலாகச் சொல்லிச் சாப்பிடுவார்கள். 2004இல் வெளியான ஓர் ஆய்வில் நீசி, ஹருவி, யாஃபே என்ற மூவர், ஆறு ஆறு பேரை ஓட்டலில் உட்காரவைத்துப் பார்த்தார்கள். தனித்தனிப் பில் கொடுத்தவர்களைவிட, சமமாகப் பிரித்தவர்கள் அதிகமாகச் செலவு செய்தார்கள். வேடிக்கை என்னவென்றால், கேட்டபோது பெரும்பாலானவர்கள் தனித்தனிப் பில்தான் வேண்டும் என்றார்கள். ஒருவேளை எதிர்வீட்டு அம்மாவும் உங்களைப் போலவே மனதுக்குள் முனகிக்கொண்டிருக்கலாம். சாப்பிட்டு முடித்த பிறகு இதைப் பேசினால் முகம் சுளிக்கும். உட்காரும்போதே சர்வரிடம், ‘இரண்டு குடும்பம், இரண்டு பில்’ என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடுங்கள். அதோடு முடிந்தது.

செலவைக் குறைக்க இன்னும் ஒன்று. பசியோடு மெனுவைப் பார்த்து எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லாதீர்கள். முதலில் இரண்டு பண்டம், நான்கு பேரும் பகிர்ந்து. நன்றாக இருந்தால் அதையே இன்னொன்று. பாட்டில் பானங்களை விட்டுவிட்டாலே பில் கண்ணுக்குத் தெரிகிற அளவு இறங்கும். கடைக்காரருக்கு நல்ல லாபம் கிடைக்கும் வரிசையில் பானங்களும் உண்டு.

உங்கள் கணவர் சொல்வதிலும் ஒரு நியாயம் இருக்கிறது, மறுக்க மாட்டேன். பெரிய ஓட்டலில் இடம் தாராளம், இரைச்சல் குறைவாக இருக்கலாம். ஆனால் உங்கள் ஞாயிறு எதற்காக ஆரம்பித்தது? வாரம் ஒரு வேளையாவது நீங்கள் அடுப்பிலிருந்து இறங்க வேண்டும் என்பதற்காக. மாதம் ஒரு முறை என்றால் மற்ற மூன்று ஞாயிறும் கரண்டி திரும்ப உங்கள் கைக்கு வரும். ‘அந்த மூன்று ஞாயிறும் யார் சமையல்?’ என்று அவரிடமே கேளுங்கள். பெரிய ஓட்டலைப் பிறந்த நாளுக்கு வைத்துக்கொள்ளலாம்.

வரும் ஞாயிறு அந்தக் காரக் கடைக்கே மறுபடி போங்கள். ஏழு மணிக்குள். கல்லாவில் இருப்பவரிடம், ‘பெரியவர் ஒருவர், குழந்தை ஒன்று, காரம் ஆகாது, உங்கள் கடையில் எது நன்றாக இருக்கும்?’ என்று கேட்டுவிட்டு உட்காருங்கள். மூன்று தடவை போய்ப் பார்த்துவிட்டு எனக்கு மறுபடி எழுதுங்கள்.