காவல் பணிக்குப் போகும் பீரங்கிப் படை: சிமுலேட்டர் போதுமா?

"எங்கள் பேட்டரியை (சில பீரங்கிகள் கொண்ட படைப்பிரிவை) ஒரு வருடம் கான்வாய் காவலுக்கும் சோதனைச்சாவடிக்கும் அனுப்புகிறார்கள், பீரங்கிகள் கொட்டகையில்தான் நிற்கும், சிமுலேட்டர் (நிஜக் குண்டு இல்லாமல் பழக்கும் கருவி) வாங்கிவிட்டால் திறமை போகாது, இல்லையா?" என்று ஓர் இளம் அதிகாரி கேட்டிருக்கிறார்.

போகும். குண்டை ஏற்றுகிற கைப்பழக்கம் சீக்கிரம் திரும்பிவிடும், குறிவைக்கப் போடும் கணக்கு அப்படி இல்லை. கோணத்தை அளக்க வட்டத்தை 6400 மில்லாகப் பிரிக்கிறோம். திசையில் ஒரே ஒரு மில் பிசகினால் 20 கிலோமீட்டர் தூரத்தில் குண்டு சுமார் 20 மீட்டர் தள்ளி விழும். குண்டைத் தள்ளும் உந்துமருந்து வெயிலில் சூடேறினால் குண்டு வேகமாகக் கிளம்பி இலக்கைத் தாண்டும், அந்த வெப்பநிலையைப் பார்த்துக் கணக்கில் சேர்க்கிற பழக்கம் சில மாதத்தில் விட்டுப்போகும். இராக்கில் அமெரிக்கப் பீரங்கி வீரர்கள் பலர் காலாட்படை வேலை பார்த்ததில் இதுதான் நடந்தது, 2008ல் மூன்று கர்னல்கள் தங்கள் தலைமைத் தளபதிக்கே கவலையோடு எழுதினார்கள்.

அதனால் கணக்குப் போடுகிறவர்களையும் இலக்கு நோக்குநர்களையும் (இலக்கைப் பார்த்து குண்டு விழும் இடத்தைச் சொல்பவர்களை) வாரத்தில் ஒரு நாள் காவல் பணியிலிருந்து விடுவியுங்கள். கணினியை அணைத்துவிட்டு, வரைபடமும் சுடும் அட்டவணையும் (தூரத்துக்கு ஏற்ற கோணம் தரும் பட்டியல்) வைத்துக் கையால் போடட்டும், இன்னொருவர் தனியாகப் போட்டுச் சரிபார்க்கட்டும்.

சிமுலேட்டர் விற்க வரும் தரகர்களிடம் உஷாராக இருங்கள். நோக்குநருக்கு அது நல்ல பயிற்சி, மறுக்கவில்லை. ஆனால் "இனி நிஜக் குண்டே வேண்டாம்" என்று சொல்பவரிடம், தவறான சார்ஜ் (உந்துமருந்தின் அளவு) போட்டால் உங்கள் கருவி காட்டிக்கொடுக்குமா, இருட்டில் பீரங்கியை இடம் மாற்றி நிறுத்தப் பழக்குமா என்று கேளுங்கள், பேச்சை மாற்றிவிடுவார்.

"நாங்கள் முகாமிலிருந்து அவ்வப்போது சுடுகிறோமே" என்பவர்களும் நிம்மதியாக இருக்க முடியாது. அங்கே பீரங்கி மாதக்கணக்கில் ஒரே இடத்தில் நிற்கிறது, அதன் இடமும் திசையும் என்றோ அளந்து வைத்தவை, சுடுவதும் பெரும்பாலும் ஒன்றிரண்டு குண்டு. புது இடத்துக்கு ஓடி, அளந்து, மொத்த பேட்டரியும் சேர்ந்து சுட்டு, பதிலடி வருவதற்குள் கிளம்புவது அதில் வராது. முகாமில் சுட்டதைப் பயிற்சிக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

தலைமையகமோ கட்டத்தில் டிக் இருந்தால் போதும் என்கிறது, கடைசியாக எப்போது பேட்டரியாகச் சுட்டீர்கள் என்று கேட்க ஆளில்லை, எத்தனை முறை சொல்வது! திரும்பியதும் சுடுதளம் காலியாக இருக்கும் என்று நம்பாதீர்கள். கிளம்பும் முன்பே தேதியையும் குண்டு ஒதுக்கீட்டையும் எழுத்தில் வாங்கிவிடுங்கள்.