பாலியல், இனப்பெருக்க, வளரிளம்பருவ நலத்துக்கென்று தனி டொக்டர் உண்டா? அந்தத் துறைக்கு எப்படிப் போவது?

முல்லைத்தீவு, கிளிநொச்சிப் பக்கம் உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் பிள்ளைகளுக்கு வரக்கூடிய கேள்வி. பூப்படைவது முதல் குடும்பத்திட்டம், பிரசவம், பாலியல் தொற்று வரை எல்லாம் இதற்குள் அடங்கும். ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரே டொக்டர் இல்லை. மகப்பேற்று நிபுணர், பாலியல் நோய் நிபுணர், சமுதாய மருத்துவ நிபுணர் என்று இலங்கையில் வேலை பிரிந்திருக்கிறது.

ஏன் பிரித்தார்கள்? பிரசவச் சிக்கலுக்குச் சத்திரசிகிச்சை தெரிந்த கை வேண்டும். பதினைந்து வயதுப் பிள்ளையின் மாதவிடாய்ப் பயத்துக்குக் காதுகொடுக்கும் பொறுமை வேண்டும். ஓர் ஊரில் இளவயதுக் கர்ப்பம் ஏன் கூடுகிறது என்று கண்டுபிடிக்கக் கணக்கும் கள அனுபவமும் வேண்டும். கிளிநொச்சி இரணைமடுக் குளத்துத் தண்ணீரை நினையுங்கள்: அணைக்கட்டைப் பார்ப்பவர் ஒருவர், வாய்க்காலைப் பார்ப்பவர் இன்னொருவர், வயலுக்குள் இறங்குபவர் வேறொருவர். தண்ணீர் ஒன்றுதான்.

சரி, பாதை? எம்பிபிஎஸ் 5 வருடம் (யாழ்ப்பாண மருத்துவபீடம் 1978 முதல் இருக்கிறது), 1 வருட உள்ளகப் பயிற்சி, அப்புறம் கொழும்பில் பட்டப்பின் படிப்புக்கான தேர்வு. நிபுணராக அதற்கு மேலும் பல வருடம் போகும். நீளம்தான். ஆனால் சுகாதார வைத்திய அதிகாரியாக, அதாவது எம்ஓஎச்சாக, இருந்தே நிறையச் செய்யலாம். பாடசாலைப் பரிசோதனையும் கர்ப்பிணி கிளினிக்கும் அவர் பொறுப்புத்தான். வன்னி போன்ற இடத்தில் அதுவே பெரிய வேலை என்பேன். வீடு வீடாகப் போகும் குடும்பநல உத்தியோகத்தர் இல்லாமல் அவராலும் ஒன்றும் நடக்காது.

இந்தத் துறையின் கிளினிக்குகள் எல்லாமே கல்யாணமான பெண்களுக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. பாலியல் நோய் கிளினிக்குக்கு ஆண்களும் கல்யாணமாகாதவர்களும் போகலாம், விவரம் இரகசியமாகவே இருக்கும்.